புது கிட்டாரின் ஃப்ரெட்போர்டில் கோடு, குழி, வெடிப்பு: எதற்குப் பயப்படலாம், எதை விட்டுவிடலாம்

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வந்த அன்று ராத்திரி, செல்போன் டார்ச்சை அடித்து, விரல் அழுத்தி வாசிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டை ஒரு அங்குல தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஊசியால் கீறியதுபோல் ஒரு கோடு. கேமராவில் பெரிதாக்கினால் பள்ளத்தாக்கு மாதிரி தெரிந்தது. விரிசல் விழுந்த மரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். பாவம், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றி வந்ததிலும் அதே மாதிரிக் கோடுகள், கொஞ்சம் அதிகமாகவே. கூடவே ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கிழித்தன. முதலில் வந்ததுதான் நல்ல கிட்டார் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். குறை பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது, நாளைக்கு வளருமா என்ற மூன்றையும் பாருங்கள். கண்ணுக்குக் கோரமாகத் தெரிவது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. திருப்பி அனுப்ப வேண்டியதோ பல சமயம் கண்ணில் படுவதே இல்லை.

தொட்டுப் பார்ப்பதற்கு முன்

பெட்டி வந்ததும் பிரிக்கக் கை பரபரக்கும். ஒரு ராத்திரி பொறுங்கள். கொரியர் வண்டியில் வெயிலில் கிடந்த மரத்தைச் சட்டென்று ஏசி அறையில் பிரித்து வைப்பது அதற்கு நல்லதில்லை. பிரித்ததும் ஃப்ரெட்போர்டைப் பகல் வெளிச்சத்தில், தலையிலிருந்து கடைசி ஃப்ரெட் வரை, நான்கைந்து படங்களாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று: எண்ணெய் போடாதீர்கள். "மரம் காய்ந்த மாதிரி இருக்கிறது, கொஞ்சம் லெமன் ஆயில் தடவலாம்" என்று எல்லாருக்கும் தோன்றும். தடவினால் நூல்விரிசல் மறைந்துவிடும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்து எண்ணெய் உலர்ந்த பிறகுதான் திரும்பவும் தலைகாட்டும். முதலில் தீர்ப்பு, பிறகு எண்ணெய்.

வேண்டிய சாமான்கள்: ஒரு டார்ச், ஒரு ஏ4 தாள், பழைய டூத் பிரஷ், வெள்ளைத் துணி, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று, விரல் நகம்.

உங்கள் போர்டு என்ன மரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஸ்வுட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் நம் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கத்து மலைகளில் வளர்வது. எபனி என்றால் கருங்காலி. மேப்பிள் வெளிர்நிறம், அநேகமாக மேலே வார்னிஷ் பூச்சோடு வரும். நடுத்தர விலைக் கிட்டார்களில் பாவ் ஃபெரோ, இந்தியன் லாரல் என்று புதுப் பெயர்கள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். விற்பனைக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிட்டார்களுக்குக் காகிதம் கேட்டதால் நிறையக் கம்பெனிகள் மரத்தையே மாற்றிவிட்டன. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது. ஆனால் மாறிய மரங்கள் பல மாடல்களில் அப்படியே தங்கிவிட்டன. இந்தியன் லாரல் என்பது நம் கருமருது. ஈட்டியைவிட வெளிறியும், நார் கொஞ்சம் முரடாகவும் இருக்கும். "ரோஸ்வுட் சாயம் போய்விட்டது" என்று வருகிற புகார்களில் பாதி கருமருதைப் பார்த்து எழுதியவை. பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படித்திருந்தால் புகாரே வந்திருக்காது.

போர்டு முழுக்கக் குட்டிக் குட்டிக் கீறல்கள்

இதுதான் என்னை ஏமாற்றியது. கவனித்துப் பாருங்கள்: கீறல் எல்லாம் ஒரே திசையில், நார் ஓடும் திசையில்தான் இருக்கும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் நீளம். ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் போர்டு முழுக்கச் சிதறியிருக்கும். இவை மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள். நீளவாக்கில் அறுத்ததால் குழாய் பிளந்து வாய்க்கால் மாதிரி தெரிகிறது. ஈட்டியிலும் கருமருதிலும் இந்தத் துளைகள் பெரிது, கருங்காலியில் மிகச் சின்னது, மேப்பிளில் கண்ணுக்கே தெரியாது. ஈட்டி போர்டில் துளையே தெரியவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும், எதையோ பூசி அடைத்திருக்கிறார்கள் என்று.

நகத்தைக் குறுக்கே ஓட்டினால் லேசாகத் தட்டும். அதனால் பயப்பட வேண்டாம். துளைக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கும், மழுங்கிய விளிம்பு இருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அடிப்பக்கம் தெரியும். விரிசலுக்கு அடி தெரியாது.

வாசிப்புக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஃப்ரெட் கம்பிதான். வீணையில் மெட்டுகளை மெழுகுமேல் உயரமாக வைத்திருப்பார்கள், தந்தி மரத்தைத் தொடுவதே கிடையாது. அதுபோலத்தான் இதுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துளைகளுக்குள் வெள்ளையாகவோ சாம்பல் பச்சையாகவோ ஏதாவது அடைந்திருந்தால், ஃப்ரெட்டைப் பளபளப்பாக்கிய பாலிஷ் மெழுகின் மிச்சம் அது. காய்ந்த டூத் பிரஷ்ஷால் நார் போகும் திசையில் தேய்த்தால் வந்துவிடும். தேய்த்த இடத்தில் நாலு நாளில் மறுபடி வெள்ளை பூத்தால் பூஞ்சை. சென்னை மழைக்காலத்தில், கோணிப்பை வாசனையோடு கிடங்கில் இருந்த கிட்டார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சையைத் துடைத்துவிடலாம். ஆனால் அந்தக் கிட்டார் எத்தனை மாதம் ஈரத்தில் கிடந்தது, உள்ளே மின்தொடுப்புகள் என்ன கதியில் இருக்கின்றன என்ற கேள்வியைக் கடையில் கேட்டே ஆக வேண்டும்.

ஒற்றைக் கோடு, நீளமாக

சரி, உண்மையான கவலைக்கு வருவோம். போர்டில் சிதறாமல் தனியாக ஒரு கோடு. அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: மரத்தின் இயற்கையான கருவரி, மேற்பரப்பில் பட்ட கீறல், அல்லது வெடிப்பு.

கருவரியை நகம் கண்டுபிடிக்காது. நிறம் மட்டும்தான் மாறியிருக்கும், பரப்பு வழவழவென்று இருக்கும். கீறல் நாரை மதிக்காது, குறுக்கே சாய்ந்து போகும், உள்ளே மரம் வெளிறித் தெரியும். வெடிப்பு நாரோடு ஒட்டியே போகும். நார் வளைந்தால் அதுவும் வளையும்.

வெடிப்பைத் தேடும்போது போர்டின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள், இரண்டு முனைகளிலும் ஆரம்பியுங்கள். மரம் தன் ஈரத்தை வெட்டுமுனை வழியாகத்தான் மளமளவென்று இழக்கும். விறகுக் கட்டையின் முனையில் நட்சத்திரம் மாதிரி வெடித்திருக்குமே, அதே காரணம்தான். ஃப்ரெட்போர்டின் வெட்டுமுனை ஒன்று, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இருக்கும் பக்கம், கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால் இருக்கிறது. இன்னொன்று தலைப் பக்கம், தந்திகள் தங்கிச் செல்லும் நட்டு என்ற சின்னக் கட்டையை ஒட்டி. பிக்கப் பக்க முனையை டார்ச் அடித்து நேராகப் பாருங்கள். போர்டு 5, 6 மில்லிமீட்டர் கனம்தான். மேலே தெரியும் கோடு அந்த முனையிலும் கீழ்நோக்கி இறங்குகிறது என்றால் அது வெடிப்பு, சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது, கோடு ஒரு ஃப்ரெட்டில் முட்டி நிற்கிறதா, ஃப்ரெட்டின் அடுத்த பக்கத்திலும் அதே நேர்கோட்டில் தொடர்கிறதா? ஃப்ரெட்டை உட்கார வைக்கப் போர்டின் குறுக்கே அறுத்திருக்கும் பள்ளம் போர்டின் கனத்தில் பாதி வரைகூட இறங்கும். அந்தப் பள்ளத்தையும் தாண்டி ஒரு கோடு தொடர்கிறது என்றால், வெடிப்பு பள்ளத்துக்கும் கீழே போயிருக்கிறது என்று அர்த்தம். கருவரியும் இப்படித் தொடரும் என்பதால் நகத்தால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நகத்துக்கும் பிடிபடாத நூல்கோடு என்றால் இரண்டு கட்டைவிரலையும் கோட்டின் இருபக்கமும் வைத்து லேசாக அழுத்தி விடுங்கள். கோட்டின் அகலமோ நிழலோ கொஞ்சம் மாறினாலும் அது வெடிப்பு. பழுதுபார்ப்பவர்கள் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். பூச்சில்லாத மரத்தில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை ஒரு துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். சுற்றுமரம் சில நொடிகளில் காய்ந்துவிடும், வெடிப்புக்குள் போன திரவம் மட்டும் இன்னும் சில நொடி கறுப்புக் கோடாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கு ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. திருப்பி அனுப்பும் உத்தேசம் இருக்கும்வரை இதை நீங்களே செய்யாதீர்கள் என்பது என் யோசனை. கோட்டின் படத்தை அனுப்பிக் கடைக்காரரையே செய்து பார்க்கச் சொல்லலாம்.

இனி இடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்கிறேன்.

கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால், முனையிலிருந்து அரை சென்டிமீட்டர் போல ஒரு நூல்வெடிப்பு: வைத்துக்கொள்ளலாம், ஆனால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது கிட்டாரில் இது இருந்தது. "இத்துனூண்டுதானே" என்று விட்டேன். அந்தக் கோடைக்கு ராத்திரி முழுக்க ஏசி ஓடிய அறையில், ஸ்டாண்டிலேயே நின்றது. ஜூன் மாதம் பார்த்தால் கோடு 22-ஆவது ஃப்ரெட்டுக்கு அடியில் புகுந்து 20-க்கு வந்துவிட்டது. பழுதுபார்ப்பவர் அதே மரத்தின் தூளை வெடிப்பில் திணித்து, நீர் மாதிரி இளகிய சூப்பர் குளூவை ஊசிமுனையால் சொட்டு சொட்டாக விட்டார். பசை தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தபோதுதான் வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று எனக்குப் புரிந்தது. பிறகு உப்புத்தாளால் நீவிவிட்டார். இன்று தேடினாலும் தெரியாது. முதல் நாளே செய்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை.

குண்டுமணி மாதிரிப் பதித்திருக்கும் புள்ளிகளிலிருந்து இருபக்கமும் நீளும் மயிரிழை: புள்ளி பிளாஸ்டிக், அது சுருங்காது. சுற்றியுள்ள மரம் சுருங்கும்போது வழிவிட இடம் இல்லாமல் வெடிக்கிறது. ஒரு புள்ளியில் மட்டும், ஃப்ரெட்டைத் தொடாமல் இருந்தால் பசையில் முடிந்துவிடும். நாலைந்து புள்ளியிலும் இருந்தால், மரத்தைச் சரியாகக் காயவைக்காமல் பச்சையாகவே போட்டிருக்கிறார்கள். இன்னும் வெடிக்கும். அனுப்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று ஃப்ரெட்டைத் தாண்டும் வெடிப்பு: அனுப்பிவிடுங்கள்.

போர்டின் நட்டநடுவில், மூன்றாவது நான்காவது தந்திக்கு இடையே நீளவாக்கில் ஓடும் வெடிப்பு: இதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்கு நேர் கீழேதான், கிட்டாரின் கழுத்தான நெக்கை நிமிர்த்திப் பிடிக்கும் டிரஸ் ராடு என்ற கம்பி இருக்கிறது. அந்தக் கம்பிக்காக நெக்கில் குடைந்த வாய்க்காலின் மேல் மூடியே இந்தப் போர்டுதான். யாரோ ராடை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம், வாய்க்கால் ஆழம் தப்பி மேல்மரம் மெலிந்திருக்கலாம். 10 கேஜ் தந்தி (அதாவது மெல்லிய முதல் தந்தி 0.010 அங்குலக் கனம்) போட்ட கிட்டாரில் ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கின்றன, அந்த இழுப்பை எதிர்த்து நிற்பதுதான் ராடின் வேலை. "பசை போட்டால் சரியாகிவிடும் தம்பி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஃப்ரெட் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது

ஃப்ரெட்டை அடித்து இறக்கும்போதோ பள்ளம் அறுக்கும்போதோ ஓரத்தில் மரம் செதில் செதிலாகப் பெயரும். கருங்காலியில் இது அதிகம். கெட்டியான மரம், ஆனால் நொறுங்கும் சுபாவம். சில்லு போன இடத்தைத் தொழிற்சாலையிலேயே தூளும் பசையும் கலந்த மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். அதில் தப்பில்லை.

பார்க்க வேண்டியது சில்லை இல்லை, பக்கத்து ஃப்ரெட்டை. அதன் முனையை விரல்நுனியால் அழுத்துங்கள். அசைவோ, "டிக்" என்று மெல்லிய சத்தமோ வந்தால் ஃப்ரெட் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு ஏடிஎம் கார்டை எடுங்கள். அதன் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள்மேல் நிற்கவைத்து, தந்தி ஓடும் திசையிலேயே ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் எழும்பியிருந்தால் கார்டு ஊஞ்சல் மாதிரி "டக் டக்" என்று ஆடும். முதல் சில ஃப்ரெட்டுகளுக்கு நீளப்பக்கம், நடுவில் குட்டைப்பக்கம், 12-ஐத் தாண்டினால் கார்டையே வெட்டிச் சின்னதாக்க வேண்டியிருக்கும். மூன்றே மூன்று ஃப்ரெட்டைத்தான் தொட வேண்டும், நான்காவதில் பட்டால் கணக்கு தப்பும். ஓரிரண்டு ஃப்ரெட் எழும்பியிருப்பது விலை குறைந்த கிட்டார்களில் சகஜம், தட்டியோ அரத்தால் ராவியோ சரிசெய்துவிடலாம். சில்லு பெயர்ந்த அதே இடத்தில் ஃப்ரெட்டும் ஆடுகிறது என்றால் மரம் ஃப்ரெட்டைப் பிடிக்கும் தெம்பை இழந்திருக்கிறது. அதைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

வெள்ளைப் பட்டை, திட்டு, நிறமாற்றம்

மரத்தின் நடுப்பகுதி வைரம். பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வெளிறு, ஆசாரிகள் வெள்ளை என்றே சொல்வார்கள். ஈட்டி போர்டின் ஓரத்தில் மஞ்சள் கலந்த வெண்மையாக ஒரு பட்டை ஓடினால் வெள்ளை விழுந்த பலகை. அழகாக இருக்கிறது என்று தேடிப்பிடித்து வாங்குபவர்களும் உண்டு. மேப்பிளில் சாம்பலாகவோ பச்சையாகவோ ஓடும் கோடு மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட தாதுக்களின் கறை, தேய்த்தாலும் போகாது, கெடுதலும் செய்யாது.

கருங்காலியில் பழுப்புக் கோடுகளைப் பார்த்து "போலி" என்று அலறாதீர்கள். கருங்காலி எல்லாமே உள்ளே முழுக்கறுப்பாக இருக்காது. முழுக்கறுப்பு மட்டும்தான் விலைபோகும் என்பதால் கோடு விழுந்த மரத்தை வெட்டியபின் காட்டிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் இருந்தது. டெய்லர் கிட்டார் கம்பெனி 2011-இல் காமரூனில் ஒரு கருங்காலி ஆலையைக் கூட்டாக வாங்கிய பிறகு, கோடுபோட்ட கருங்காலியையும் விலையுயர்ந்த கிட்டார்களிலேயே போட ஆரம்பித்தது. உண்மையில், கறை படாத மைக்கறுப்பைப் பார்த்தால்தான் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். துணி கறுத்தால் சாயம். சாயம் ஏற்றுவது பழைய வழக்கம்தான், வாசிக்க வாசிக்க விரல்படும் இடம் வெளுக்கும், அவ்வளவே. ஆனால் எபனி என்று விலை வாங்கிவிட்டுச் சாயத்துக்கு அடியில் வேறு வெளிர்மரம் வைத்திருந்தால் அது வேறு விஷயம்.

வெள்ளைப் பகுதியில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளைகள் இருந்தால் மட்டும் உஷார். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், உளுக்கும் பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. கிட்டாரைக் கறுப்புத் துணிமேல் ஒரு நாள் வைத்து எடுங்கள். மாவு மாதிரிப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, வீட்டில் வேறு மரச்சாமான் பக்கத்தில் வைக்காமல் திருப்பி அனுப்புங்கள். பொடி இல்லாத பழைய துளை என்றால் பூச்சி எப்போதோ போய்விட்டது.

ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கிறது

இதைப் பலரும் ஃப்ரெட்டின் குறை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மரத்தின் குறை. ஈரம் கூடினாலும் குறைந்தாலும் மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்கேதான் உப்பும், சுருங்கும். ஃப்ரெட் உலோகம், அது அப்படியே நிற்கும். நட்டுக்குப் பக்கத்தில் 43 மில்லிமீட்டர் அகலமுள்ள போர்டு ஓரத்தில் மயிரிழை அளவு உள்வாங்கினாலே போதும், விரல் கண்டுபிடித்துவிடும்.

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இதம். கடலோரத்தில் அது 70-ஐத் தாண்டிவிடும், மரம் உப்பி முனைகள் உள்ளே ஒளிந்திருக்கும். அதே கிட்டாரை டெல்லியின் வறண்ட கோடையில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினால் ஒரே மாதத்தில் ரம்பம்போல் ஆகிவிடும். ஆகவே சென்னையில், ஏசி இல்லாத அறையில், பிரித்த அன்றே முனை குத்துகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். உப்பியிருக்க வேண்டிய ஊரிலேயே சுருங்கித் தெரிகிறது. ஒன்று, முனையை ராவாமலே அனுப்பிவிட்டார்கள். இல்லையென்றால் செய்தபோது மரம் ஈரமாக இருந்து இப்போதுதான் காய்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி தடவிப் பாருங்கள். கூடவில்லை என்றால் முன்னது, ஃப்ரெட் முனைகளை ராவிக்கொடுத்தால் தீர்ந்தது. கூடிக்கொண்டே போனால் பின்னது. அதோடு போர்டு முனையில் நூல்வெடிப்பும் இருந்தால் தாமதிக்க வேண்டாம். இரண்டு வாரம் காத்திருப்பதற்குள் திருப்பும் கெடு முடிந்துவிடுமா என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டுக்கும் நெக்குக்கும் நடுவே கோடு

நெக்கின் பக்கவாட்டில், போர்டு ஒட்டிய இடத்தில் எப்போதும் ஒரு கோடு தெரியும். இரண்டு மரம் சேரும் இடம் அது. ஏ4 தாளின் மூலையை அந்தக் கோட்டில் நுழைக்கப் பாருங்கள். முக்கியமாக நட்டின் இரு ஓரங்களிலும், பிக்கப் பக்க முனையிலும். நுழையவில்லை என்றால் கவலை விட்டது, மேல் பூச்சில் விழுந்த கோடாக இருக்கும். தாள் கொஞ்சம் உள்ளே போனாலும் பசை விட்டிருக்கிறது. அதற்குமேல் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

நெக்கின் முதுகில் நீளமாக ஓடும் கறுப்புப் பட்டையையும், தலைக்குப் பின்னால் சாய்வாகத் தெரியும் ஒட்டுக்கோட்டையும் பார்த்துப் பயந்து படம் அனுப்புகிறவர்கள் உண்டு. முதலாவது, டிரஸ் ராடைப் பின்பக்கமாக வைத்துவிட்டு மூடிய மரத்துண்டு. இரண்டாவது, சாய்ந்த தலையைத் தனிக்கட்டையில் செய்து ஒட்டிய இடம். இரண்டும் இருக்க வேண்டியவைதான்.

பூச்சுள்ள மேப்பிளில் ஃப்ரெட் ஓரமாக வரும் சின்னக் கோடுகள் பெரும்பாலும் வார்னிஷ் வெடிப்புகள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கோட்டின் நிழல் அடியில் மரத்தின்மேல் விழுவது தெரியும், அதாவது கோடு மேலே மிதக்கிறது. அதில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், பூச்சுக்கு அடியில் புகுந்து கறையாகும்.

கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் தந்தி ஜிர்ர் என்கிறது

பளிங்கு மாதிரி மரம், ஒரு கீறல் இல்லை. கிட்டாரைக் கையில் எடுத்து, துப்பாக்கியில் குறிபார்ப்பதுபோல் உடல் பக்கத்திலிருந்து தலை நோக்கிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கயிற்றுக்கட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டதுபோல் ஒன்று சாய்ந்திருந்தால் நெக் முறுக்கு விழுந்திருக்கிறது.

கண்ணை நம்பாவிட்டால் தந்தியையே ஸ்கேலாக்குங்கள். தடித்த ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 7, 8-ஆவது ஃப்ரெட் பக்கத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு, மூன்று தாள் நுழையும் இடைவெளி நல்லது. அதையே மெல்லிய முதல் தந்தியிலும் செய்யுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் சரி. இரண்டிலுமே இடைவெளி அதிகம், அல்லது இரண்டிலுமே இல்லை என்றால், டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் தீரும் சங்கதி. ஒரு பக்கம் அஞ்சு தாள் நுழைகிறது, மறுபக்கம் தந்தி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் முறுக்கு. ராடு முன்பின் வளைவைத்தான் இழுக்கும், முறுக்கை எடுக்காது. கோடு, குழி, கறை எல்லாவற்றையும் மன்னிக்கிற நான் இதை மட்டும் மன்னிக்க மாட்டேன். படத்தில் விழாத குறை என்பதால் கடைக்கு அனுப்பும்போது தாள் நுழைவதைக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால்

இப்போது எண்ணெய் போடலாம், பூச்சில்லாத மரமாக இருந்தால் மட்டும். பொடி, மெழுகு எல்லாம் பிரஷ்ஷால் எடுத்த பிறகு, கிட்டாருக்கென்று விற்கும் லெமன் ஆயிலில் நாலைந்து சொட்டு போர்டு முழுவதற்கும் போதும். பெயர்தான் எலுமிச்சை, உள்ளே பெரும்பாலும் மினரல் ஆயில். பத்து நிமிஷம் விட்டு, துணியில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தடவாதீர்கள். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து, காறல் நாற்றம் எடுத்து, அழுக்கையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் ஊறிய ஈட்டி மரம் கறுத்து மின்னும்போது, முதல் நாள் டார்ச் அடித்துத் தேடிப்பிடித்த துளைகளில் பாதி உங்கள் கண்ணுக்கே அகப்படாது. அந்த ஐந்தாவது ஃப்ரெட் கோடு எங்கே இருந்தது என்று பழைய படத்தை எடுத்துவைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.